கடைசிப் பக்கத்தில் ஒரு துணிக் கிளிப்

மார்ச் 3
கப்பலிலிருந்து

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் கடிதமும் புகைப்படமும் இந்தத் துறைமுகத்தில் கிடைத்தன. பால்பல் விழுந்த நம் வாண்டின் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பது உன் தம்பியின் மடியில். அவன் கையில் நான் வாங்கிக் கொடுத்த ஆமைப் புத்தகம். வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

‘அவன் ஆமை மாதிரியே பேசிப் படிச்சாத்தான் இவ தூங்குறா’ என்று வேறு எழுதியிருக்கிறாய். ஆமைக்கு ஏதடி குரல்? லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு நாடகம் எப்போது வந்தது?

நான் கிளம்பும் முன் தேடித் தேடி வாங்கிய புத்தகம் அது. வேலைக்குப் போன ஆமை அப்பா பாலம் தாண்டி, மழையில் நனைந்து, மேடேறி வருகிறார். குட்டி வாசலில் நிற்கிறது. கடைசிப் பக்கத்தில் வந்து சேர்ந்து, குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு, ‘நான் மெதுவாத்தான் வருவேன், ஆனா உன்கிட்டதான் வருவேன்’ என்கிறார். அதை என் மகள் இன்னொருத்தன் வாயால் கேட்க வேண்டாம். மற்ற பக்கங்களை அவன் படித்துத் தொலைக்கட்டும். கடைசிப் பக்கம் என்னுடையது. மூடி வை.

கப்பலுக்கே சமைத்துப் போட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிடும்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 24

என்னங்க,

உத்தரவு நிறைவேறியது. கொடியிலிருந்த நீலக் கிளிப்பால் கடைசிப் பக்கத்தையும் அட்டையையும் சேர்த்துக் கவ்வ வைத்துவிட்டேன். ‘அத்தானுக்கு எம்மேல இவ்ளோ பாசமா!’ என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

பொறாமை உங்களுக்கு மட்டும்தானா? மருந்துக்கடையில் சாயங்காலம் முழுக்க ஊரார் இருமலைக் கேட்டுவிட்டு ஓடி வருகிறேன். நான் படித்தால், ‘அம்மா, நீ மருந்துச் சீட்டு மாதிரி படிக்கிற’ என்கிறாள். பெற்றவளுக்கே இந்த மரியாதை!

‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டாள். ‘மிச்சத்தை அப்பா வந்து படிப்பார்’ என்று சொல்லிவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 12

என் மகாராணிக்கு,

கேட்டாளா? மிச்சம் எங்கே என்று கேட்டாளா? அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு செய்து போட்டேன். என்ன விசேஷம் என்று கேப்டனே கேட்டார்.

கிளிப் இறுக்கமானதுதானே? உன் தம்பி எட்டிப் பார்க்கிற ஆள்.

ஒரு சேதி. மாற்றுச் சமையல்காரர் கிடைக்கவில்லையாம். இன்னும் நாலு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். திட்டாதே.

உன் வீட்டுக்காரன்


மே 6

என்னங்க,

திட்டத்தான் எழுதுகிறேன்.

வாண்டு கட்டிலில் படுப்பதே இல்லை. கதை முடிந்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவுக்குப் போய்விடுகிறாள். ‘வந்து படுடி கண்ணு’ என்றால், ‘குட்டி ஆமை இன்னும் நிக்குதே’ என்கிறாள். கதவில் சாய்ந்து தூங்கிப்போனவளைத் தம்பிதான் தூக்கி வந்து போடுகிறான்.

நேற்று கோடை வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்துப் பிள்ளையிடம் இவள் சொன்னாளாம்: ‘ஆமை அப்பா வரவே மாட்டார். கதை வாசல்லயே முடிஞ்சிடுச்சு.’

எனக்குக் கிளிப்பைப் பிடுங்கி எறியக் கை பரபரக்கிறது. உங்களுக்குக் கொடுத்த வார்த்தைக்காகத்தான் சும்மா இருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மே 25

அம்மா தாயே,

எடுத்துவிடு. இதைப் படித்து முடிக்கும்வரைகூட நிற்காதே, எழுந்து போய் எடு.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அப்படியேதான் இருக்கிறது. அவன் மடியில் அவள் படுத்திருப்பதை நினைத்தால் இப்போதும் கரண்டி கைநழுவுகிறது. ஆனாலும் அவனே படிக்கட்டும்.

அவனிடம் ஒன்றே ஒன்று சொல். அந்த வரியை அவசரமாகப் படிக்க வேண்டாம். ‘உன்கிட்டதான்’ என்று வரும்போது அவள் கன்னத்தைத் தொடச் சொல். நான் அப்படிச் செய்யத்தான் அந்தப் பக்கத்தை வைத்திருந்தேன்.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 15

என்னங்க,

தம்பி படித்தான். ஆமைக் குரலை விட்டுவிட்டு, சொந்தக் குரலிலேயே மெதுவாகப் படித்தான். நீங்கள் சொன்ன இடத்தில் கன்னத்தைத் தொட்டான். ‘இது அப்பா செய்யச் சொன்னது’ என்றும் சொன்னான்.

வாண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: ‘ஆமை அப்பா வந்துட்டார். நம்ம அப்பா எந்தப் பக்கத்துல வர்றார்?’

அவளே பின்னோக்கிப் புரட்டி, மழை பெய்கிற பக்கத்தைக் கண்டுபிடித்து, அந்த நீலக் கிளிப்பை மாட்டினாள். பிறகு கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாள். இனி உங்கள் கடிதம் வந்தால்தான் கிளிப் அடுத்த பக்கத்துக்குப் போகுமாம்.

இன்று தம்பி விளையாட்டாக அதை நகர்த்தப் போனான். கையிலேயே ஒரு அடி விழுந்தது. ‘தொடாதீங்க மாமா, அது எங்க அப்பா.’

உங்கள் மச்சான் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இப்போது வயிறு எரிவது அவனுக்கு.

சீக்கிரம் பதில் போடுங்கள். மழையிலேயே நிற்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி