ஹாலில் பாய் போட்டுத் தருகிறார்களாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும்போது ஈரத்தரை வழுக்கிக் கணுக்கால் லேசாக வீங்கியது, அவ்வளவுதான். இப்போது நடக்கிறேன்.

நேற்று நாம் எல்லோரும் சேர்ந்து வாங்கப்போகும் வீட்டை அண்ணன் வீடியோவில் காட்டினான். கீழ்த்தளம் அவனுக்கு, மாடி அக்காவுக்கு, பின்னறை உனக்கு. "என் ரூம் எதுண்ணா?" என்றேன். "எப்பவாவது வர்றவளுக்கு ரூம் எதுக்குடி? ஹால்ல பாய் போட்டுத் தர்றோம்," என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். உன் சிரிப்பும் கேட்டதம்மா.

இங்கே ஆறு பேர் தங்கும் அறையில் ஒரு திரைத்துணிதான் எனக்குச் சுவர். அந்த வீட்டுக்காகத்தான் இதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு கதவு இல்லாத வீட்டின் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ரொம்பத் திமிருடி உனக்கு," என்று போனை வைத்துவிட்டான். திமிராகவே இருக்கட்டும்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது வலித்தைலமும் உன் பழைய பருத்திப் புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு. புடவையைத் துவைக்காதே.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. எனக்காக நீ சண்டை போடாவிட்டாலும் போகிறது, அடுத்த முறை அவர்களோடு சேர்ந்து சிரிக்காதே.

உன் சின்னவள்