கைப்பிடியில் தொங்கிய எட்டுத் தாள்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் ஜெபம். சுகம் என்றாலும் அப்பாவின் முழங்கால் அதில் சேராது, படியைப் பார்த்தாலே முனகுகிறார், டாக்டர் நடக்கச் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்துகிறார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி பெண் பார்க்கலாமா என்று கேட்டால் காதில் விழாதவன் போல் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்கிறான். தினமும் போனில் வசனம் அனுப்புகிற அம்மாவுக்கு எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவும் என்று நீ நினைப்பாய். போனில் எழுதினால் நீ கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய். குழந்தை போன நாளிலிருந்து எட்டு மாதமாக நமக்குள் அவ்வளவுதான் பேச்சு. உன்னைக் குறை சொல்லவில்லை மகளே, குறை என் பக்கம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் எனக்குச் சுற்றி வளைத்துத்தான் வரத் தெரியும், பொறுத்துக்கொள்.

போன வருஷம் சபையில் வீடு சந்திப்பு ஊழியத்தை என் தலையில் கட்டினார்கள் என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமைதோறும் நானும் டீச்சரம்மாவும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்குப் போவோம். பன்னிரண்டு மணிக்குள் நாற்பது வீடு. அழைப்பு மணியை ஒரு தடவை அடித்து, மனதுக்குள் சின்னதாக ஒரு ஜெபம் செய்வோம், அதற்குள் கதவு திறந்தால் பேசுவோம், திறக்காவிட்டால் நற்செய்தித் தாளைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, நோட்டில் ஆளில்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த வீடு. தொங்கவிடுவதற்கென்றே தாளில் வட்டமாக வெட்டியிருக்கும், அந்த யோசனைகூட என்னுடையதுதான், போதகர் பாராட்டினார், நானும் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். இரண்டு மாதம் முன்பு புதிதாகச் சேர்த்த கட்டடத்தில், தரைத்தளத்தில் கடைசி வீடு ஒன்று, ஒரு சனிக்கிழமைகூடத் திறந்ததில்லை. முந்தின வாரத் தாள் அப்படியே தொங்கும், அதன்மேல் இந்த வாரத் தாளைத் தொங்கவிடுவேன். ஏழு தாள் தொங்கிய கைப்பிடியில் எட்டாவதை மாட்டினேன் மகளே. மாட்டும்போது கீழே விழாமல் இருக்க மற்றதை ஒழுங்காக அடுக்கியும் வைத்தேன். உள்ளே யார், என்ன ஆனார் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றவில்லை, ஆளில்லை என்று எழுதினேன்.

மறுநாள் ஆராதனை முடிகிற நேரத்தில் தண்ணீர் கேன் போடுகிறவர் அந்த எட்டுத் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு ஆலய வாசலில் வந்து நின்றார். அந்த வீட்டுப் பெரியவர் கீழே விழுந்து கிடந்தார், ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன், அவருக்கு யாருமில்லைங்க, கூப்பிடலாம்னா இந்தத் தாள்ல இருக்கிற உங்க அட்ரஸ்தான் இருந்துச்சு என்றார். இந்தக் கேன்காரர் வாரத்தில் மூன்று தடவை சமையலறைப் பின்கதவு வழியாகக் கேனோடு ரொட்டியும் பாலும் வைத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாராம். எந்தக் கோயிலுக்கும் போகாத மனிதர், அவருக்கு யாரும் ஊழியம் என்று பெயர் வைத்துக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே முகம் சுண்டிப்போயிற்று.

பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் கால் இரண்டும் மரத்துப்போய், கட்டிலிலிருந்து வாசலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், பழக்க தோஷத்தில் பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்தேன். அவர் கண்ணைத் திறந்து, சனிக்கிழமை மணி அடிக்கிறது நீங்கதானா என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். நான் ஸ்டாப்புக்கு ஓடி வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துடுறீங்களேம்மா, முப்பது வருஷம் நான் அப்படி யாரையும் விட்டுட்டுப் போனதில்ல என்று சொல்லிச் சிரித்தார். கதவு வரை வந்து துவாரம் வழியாகப் பார்ப்பாராம், வராந்தா காலியாக இருக்குமாம், திறந்து என்ன ஆகப்போகிறது என்று திரும்பிவிடுவாராம். கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கேலியாகச் சொன்னதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நாலு நாள் போனேன். என்ன செய்தாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை, கால் பிடித்துவிட்டேன், எந்த ரூட்டில் ஓடினீர்கள் என்று கேட்டேன், அவர் ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார், நடுவில் தூங்கிப்போனால் விழித்ததும் விட்ட ஸ்டாப்பிலிருந்து தொடங்குவார். உன் அப்பா, சபை என்றாலே கொட்டாவி விடுகிற உன் அப்பா, முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் பெரியவர் போய்விட்டார். அடக்கத்துக்கு நாங்கள் இருவர், போதகர், டீச்சரம்மா, தண்ணீர் கேன்காரர், ஐந்தே பேர்.

அடுத்த வாரம் சபைக் கமிட்டி. ஆண்டறிக்கையில் சபையின் நோக்கம் என்று முதல் பக்கத்தில் போட ஒவ்வொரு குழுவும் ஒரு வரி எழுதித் தர வேண்டும். செயலாளர் என் நோட்டைப் பார்த்து, சந்தித்த வீடுகள் ஆயிரத்துக்கு மேல் என்று போடலாம் என்றார். நான் எழுந்து, சந்தித்தது ஒரே ஒரு வீடு, அதுவும் வீட்டில் இல்லை ஆஸ்பத்திரியில், அப்படியே போடுங்கள் என்றேன். அப்படிப் போட்டா நல்லாவா இருக்கும் அக்கா, நாற்பது வீட்டுக்குப் போறத விட்டுட்டு ஒரே வீட்டுல உட்கார்ந்தா நற்செய்தி எப்போ ஊர் முழுக்கப் போய்ச் சேரும் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. போதகர் என் நோட்டை மூடி வைத்துவிட்டு, நான் பன்னிரண்டு வருஷமா அந்த வழியாத்தான் வண்டியில போறேன், நானும் இறங்கினதில்ல என்றார். அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை, பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

நான் ஏன் இதையெல்லாம் உனக்கு எழுதுகிறேன் என்று புரிந்திருக்கும். உன் குழந்தை உயிரில்லாமல் பிறந்தபோது நீ போனில் அழுதாய். நான் அழவிடாமல், கர்த்தருடைய சித்தம், கலங்காதே என்றேன். எனக்குப் பயமாக இருந்தது மகளே, நீ அழுவதைக் கேட்டால் நானும் உடைந்துவிடுவேன், இவ்வளவு தூரத்தில் இருவரும் உடைந்தால் யார் யாரைத் தூக்குவது என்று அப்படிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு தினமும் ஒரு வசனம். நீ பார்த்தாயா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஊரார் வீட்டுக் கைப்பிடியில் செய்ததைத்தான் பெற்ற மகளுக்கும் செய்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு. வசனம் பொய் என்று சொல்லவில்லை, அதை வைத்துத்தான் நான் உயிரோடிருக்கிறேன், ஆனால் அதைக் கொடுத்துவிட்டு ஓடினது என் தப்பு.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் தனியே விடாதே, ஆண்பிள்ளை என்று யாரும் அவரிடம் துக்கம் விசாரித்திருக்க மாட்டார்கள், அப்பா அவரிடம் பேச வேண்டும் என்கிறார். சனிக்கிழமைகளில் நான் இப்போது எங்கும் போவதில்லை. உனக்குக் காலை பத்து மணியாகும்போது கூப்பிடுவேன், நீ எடுக்கும்வரை மணி அடிக்கட்டும், எடுத்துப் பேசாமல் இருந்தாலும் சரி, அழுதாலும் சரி, நான் வைக்க மாட்டேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. மறக்காமல் ஒன்று மட்டும் சொல், எட்டு மாதமாக உன்னிடம் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். என் பேத்திக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?

உன் வாசலில் காத்திருக்கும்,
அம்மா