பெட்டிக்குப் புது மூளை

அக்டோபர் 6, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலாண்டுத் தாள் திருத்தம் பாதி பாக்கி. துவையலுக்குத் தேங்காய் இல்லை.

நேற்றைய ஞாயிறு அழைப்பில் மானம் போயிற்று. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துப் பேசிக்கொள்ளும் தென்மாவட்ட ஹாம்காரர்கள் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவோம். என் முறை வந்து பேசிக்கொண்டிருக்கும்போதே என் பெட்டி உறைந்துவிட்டது. திரை நின்றது, குரலும் பாதியில் நின்றது. மறுபடி உயிர் வந்ததும் கேட்ட முதல் குரல் துரைப்பாண்டி அண்ணாச்சியுடையது. சங்கத்துச் செயலாளர். வண்ணார்பேட்டையில் பெயின்ட் கடை. வெளிநாட்டுப் பெட்டிக்காரர்.

"என்ன டீச்சர், ஒங்க பெட்டி மயக்கம் போட்டுட்டா? சோடா வாங்கி அனுப்பட்டா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சனிக்கிழமை வெள்ள ஒத்திகை. சேரன்மாதேவி ஆற்றங்கரையிலிருந்து ராதாபுரத்துக்கு, போன் இல்லாமல் வானொலி வழியாகவே எழுத்துச் செய்தி போகவேண்டும். அதில் தேறுகிறவருக்குத்தான் இந்த மழைக்காலம் முழுக்க ஆற்றங்கரை வானொலி நிலையப் பொறுப்பு. எனக்கு அது வேண்டும். யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பெருவெள்ளத்தின்போது அக்கா சேரன்மாதேவி வீட்டு மொட்டைமாடியில். ரோடு இல்லை, போன் இல்லை. அக்கா மகள் செல்வி ராதாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். எனக்குப் போன் மேல் போன்: "சித்தி, அம்மா உயிரோட இருக்காளா?" இரண்டு நாள் என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் பரீட்சை எழுதி ஹாம் உரிமம் வாங்கினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

புதுப் பலகை கூரியரில் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு. பெட்டிக்குள் இருக்கும் கணினி இதுதான். பெட்டியின் வானொலிப் பாகம் தங்கம். குற்றமெல்லாம் பழைய மூளையில். எனவே மூளை மாற்று. வெளிநாட்டுப் பெட்டிக்கு இதைச் செய்ய முடியுமா? மூடியைத் தொட்டாலே உத்தரவாதம் போச்சு.

வேலை:
– பழைய நினைவு அட்டையிலிருந்து அளவீடுகளை நகல் எடுக்க (மறந்தால் செத்தேன்)
– மூடியில் காற்றுக்கு ஓட்டை
– பால்காரருக்குச் சொல்ல, நாளை அரை லிட்டர் போதும்

மாலை பெட்டியைப் பிரித்தேன். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அத்தான் சாப்பாட்டு மேஜையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்கள்.

"ஏட்டி, ஓடிக்கிட்டிருந்ததைப் பிரிச்சுப் போட்டுட்டியே!"

"ஓடல அத்தான், நொண்டிக்கிட்டிருந்துச்சு."

அக்டோபர் 8, புதன்

பலகை மாற்றியாயிற்று. சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு. மறுபடி மூடியைத் திறந்தேன். பார்த்தால் திரையின் பட்டைக் கம்பியைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். பிள்ளைகள் ஆய்வகத்தில் இதைச் செய்தால் என்ன ஏச்சு ஏசுவேன்!

திருப்பிப் போட்டதும் வெளிச்சம். ஆனால் மூலையில் மஞ்சள் மின்னல் குறி. புது மூளைக்குத் தீனி பத்தவில்லை. மின்சாரம் கூடுதல் வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

பள்ளி விட்டு நேரே வண்ணார்பேட்டை. பஸ்ஸில் நசுங்கல். பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து மின்சாரத்தைக் கூடுதலாகத் தருகிற சின்ன மாற்றி ஒன்று வாங்கினேன். கடைக்காரத் தம்பி: "போன் சார்ஜ் போடவாக்கா?" இல்லை தம்பி, வெள்ளத்துக்கு என்றேன். விழித்தான்.

மாட்டியதும் மஞ்சள் மின்னல் மறைந்தது. புது மூளை சூடாகாமல் இருக்க ஒரு குட்டி மின்விசிறி. அதைப் பொருத்தும்போது பழைய பலகையின் பக்கத்தில் இருந்த பொத்தான் பேட்டரித் துண்டு இடித்தது. கணினிக்கு மணி காட்டுகிற துண்டு. வீட்டில் இணையத்திலிருந்தே மணியை எடுத்துக்கொள்கிறதே, இது எதற்கு? கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போட்டேன்.

மூடி ஓட்டைக்கு அத்தானைக் கெஞ்சினேன். முனகிக்கொண்டே துளை போட்டார்கள். விரல் போய்விடாமல் இருக்க மேலே என்ன வைப்பது? அடுக்களையிலிருந்து பழைய இடியாப்ப அச்சு. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது!

"இனிமே இடியாப்பத்துக்கு?"

"இனிமே இட்லி."

அக்டோபர் 10, வெள்ளி

ஓடுகிறது!! காலையிலிருந்து இரவுவரை ஒரு தடவைகூட உறையவில்லை. திரையில் அலைகள் ஆற்றுத் தண்ணீர்போல் இறங்குகின்றன. எழுத்துச் செய்தி ராதாபுரம் காதர் பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. வளைகுடாவில் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பியவர், நாளை எதிர்முனை அவர்தான். "மாஷா அல்லா டீச்சர், பளிங்கு மாரி வருது" என்றார்.

நான் செய்தேன். என் கையால். கண்ணாடி முன் நின்று ஒரு தடவை சிரித்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

சேரன்மாதேவி. மேகமூட்டம், புழுக்கம். ஆறு இன்னும் கணுக்கால் தண்ணீர்தான். மருத மரத்தில் அத்தான் ஏரியல் கம்பி கட்டினார்கள். அக்கா தூக்குவாளியில் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒத்திகை வழக்கப்படி எல்லார் போனும் ஒரே துணிப்பையில். அண்ணாச்சி முடிச்சுப் போட்டார். வெள்ளத்தில் போன் இருக்காது, எனவே இப்போதும் இல்லை. அவர் கண் என் பெட்டியின் மூடியில் பட்டது.

"டீச்சர், இது இடியாப்பமும் புழியுமா?"

"அண்ணாச்சிக்கு வேணும்னா புழிஞ்சு தரும்."

செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி. இல்லை. வாய்ப்பேச்சில் காதர் பாய் நன்றாகக் கேட்கிறார்: "சத்தம் வருது டீச்சர், எழுத்து ஒண்ணும் விழல." அண்ணாச்சி தன் கார் டிக்கியைப் பார்த்தார். உள்ளே வெளிநாட்டுப் பெட்டி.

"பரவாயில்ல டீச்சர், நம்ம பெட்டிய எடுத்திருவமா?"

"மெதுவா எடுக்கலாம் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

திரை மூலையைப் பார்த்தேன். மணி தப்பு. அட மடச்சி! எழுத்துச் செய்தியில் இரு முனையும் ஒரே நொடியில் தொடங்கவேண்டும். இணையம் இல்லை, எனவே மணி இல்லை. மணித்துண்டு? பாளையங்கோட்டை வீட்டில் டம்ளருக்குள் தூங்குகிறது.

அண்ணாச்சி வாட்ச் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடும், கடை திறக்கப் பிந்தக்கூடாது என்று அவரே வைத்தது. மணி, நிமிடத்துக்கு ஐந்தைக் கழித்துக்கொள்ளலாம், நொடிக்கு அதை நம்ப முடியாது. அத்தானும் நானும் வாட்ச் கட்டுவதேயில்லை.

அப்போது உறைத்தது. இது வானொலிப் பெட்டி அல்லவா! இரவும் பகலும் நொடிக்கு நொடி 'டிக்' என்று மணி மட்டும் சொல்கிற தூரதேசத்து நிலையங்கள் சிற்றலையில் உண்டே. அலைவரிசையைத் திருப்பினேன். இரைச்சல். இன்னும் கொஞ்சம். டிக், டிக், டிக். நிமிடத் தொடக்கத்துக்கு நீளமாக ஒன்று. அந்த நீள ஒலியில் விரலை வைத்துக் கணினியின் மணியைத் திருத்தினேன். பெட்டிக்கு அதன் காதாலேயே மணி சொல்லிக்கொடுத்தேன்!

செய்தி என் விருப்பம் என்று விதி. 'சோதனை' என்று அடிக்கப்போன விரல் நின்றது. பக்கத்தில் அக்கா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அடித்தேன்: "ராதாபுரம் செல்விக்கு. அம்மா மாடியில் இருக்கிறாள். நலம். சித்தி."

திரை ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு எழுத்து எழுத்தாக: "கிடைத்தது. சேர்த்துவிடுகிறேன்."

அண்ணாச்சி கார் டிக்கியைச் சாத்தினார். நான் அக்கா நீட்டிய காப்பியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

விடியற்காலை முதல் மழை. மணித்துண்டை முதல் வேலையாகத் திரும்ப மாட்டினேன், மின்விசிறியைச் சற்று நகர்த்தி.

காலை அழைப்பில் அண்ணாச்சி, எல்லார் காதிலும் விழும்படி: "சேரன்மாதேவி ஆத்தங்கரை நிலையம், டீச்சர். வேற பேச்சே கெடையாது. டீச்சர், நம்ம பெட்டியவும் ஒருக்க பார்த்துத் தருவியளா?" தொடமாட்டேன், உத்தரவாதம் போயிரும் என்றேன். அத்தான் அடுக்களையிலிருந்து சிரித்தது கேட்டது.

கோயில் முடிந்து வந்து போனைப் பார்த்தால் செல்வியின் தவறிய அழைப்புகள் வரிசையாக. நேற்றுப் பையில் போடும்போது சத்தத்தை அணைத்தது, மறந்தே போனேன். கூப்பிட்டேன்.

"சித்தி, காதர் பாய் பைக்குல வந்து, எழுதிக் கொண்டாந்து கையில தந்தாக. ஒத்திகைதான்னு சொன்னாக. எனக்குத் தெரியும் சித்தி, ஆனாலும் அழுகை வந்துட்டு." மூக்கை உறிஞ்சினாள். "அன்னைக்கு வெள்ளத்துல ரெண்டு நாளு சேதியில்ல. நேத்து, துவைச்ச துணிய கொடியில போட்டு முடிக்கல, அதுக்குள்ள சேதி வந்துட்டு."