கறுப்புத் துணி

1927 ஆகஸ்ட் 14, ஞாயிறு. ஈப்போ.

கிளப்பில் மாட்டுவதற்காகத் தோட்டத்துப் பழைய சிப்பாய்களைப் படம் பிடித்து, அவர்களுடைய சண்டைக் கதைகளையும் எழுதித் தரச் சொல்லியிருந்தார் துரை. இன்று கடைசியாக வந்தவர் ராக்காவல் பார்க்கும் முத்தையா. எதைக் கேட்டாலும், "மறந்துபோச்சு தம்பி" என்றார்.

அவரை ரப்பர் மரத்தடியில் நிற்கவைத்துவிட்டு, காமிராவுக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டேன். காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த அவர் உருவம் நடுங்கியது.

"அசையாம நில்லுங்க பெரியவரே."

"அந்தத் துணிய எடுத்துடுங்க தம்பி."

"துணி இல்லாம படம் சரியா விழாதுங்க."

"பட்டாளத்த விட்டு ஓடிப்போனவன் ஒருத்தனப் புடிச்சாந்து மரத்துல கட்டி, இப்படித்தான் மூஞ்சிய மூடுனாங்க. எங்க ஊருப் பையன். சுடச் சொன்னாங்க. சுட்டேன்."

துணியை எடுத்துவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குத்துமதிப்பாகப் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் முகம் கலங்கலாக இருக்கிறது. துரை இதை ஏற்கமாட்டார், மறுபடி எடு என்பார். கூப்பிட்டால் பெரியவர் வந்து நிற்பார். மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர்.

துரையிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கும் வாய் வராது.