முழுகுவதும் தோய்வதும்

அண்ணை,

இன்று காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் குளிர்த்தொப்பியைக் கழற்றினாள். கருக வறுத்த விதையில் எடுத்த ஆமணக்கெண்ணெயின் மணம் குப்பென்று வந்தது. விலகி நிற்க இடமில்லை. சென்ட் லோரன்ட் தொழிற்சாலைப் பக்கம் போகிற பஸ் காலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. தடித்த ஜாக்கெட்டுகளுக்கு நடுவே கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. இறங்குமிடம் வரும்வரை அந்த மணத்துக்குள்ளேயே நின்றேன்.

அந்த எண்ணெய்ப் போத்தலை நீங்கள் முதன்முதல் வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறது. "எங்களுக்கு இதைப் பேதிக்கெல்லோ பருக்கினவை. ஹெயிட்டிச் சனம் தலைக்கு வைக்குது பார்" என்று சிரித்தீர்கள். உங்கள் மனுசி, என் ஹெயிட்டி மச்சாள், செத்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் நடை சரியாக வரவில்லை, தலையில் மட்டும் முடி கொள்ளவில்லை. தாயின் அதே முடி. கம்பிச் சுருள் போல இழுத்தால் நீளும், விட்டால் தலையோடு போய் ஒட்டிக்கொள்ளும். நான் என் சிக்குச்சீப்பைக் கொண்டுவந்து காய்ந்த தலையில் வைத்தேன். சீப்பின் பல்லுத்தான் முறிந்தது.

மச்சாளுக்குத் தலை பின்னிவிட்ட சலோன்காரியிடம் போய் நீங்கள் பழகி வந்தீர்கள். லொறியில் பெட்டி ஏற்றி இறக்கிய கை அது. அந்தக் கையால் முதலில் தண்ணீர் தெளித்து, முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து மெல்ல மெல்ல வேருக்குப் போவீர்கள். எனக்குப் பொறுமை போய்விடும். "கெதியாய் இழுத்து விடுங்கோவன் அண்ணை" என்பேன். "இது பேச்சுவார்த்தையடி. அவசரப்பட்டால் முறிஞ்சு போம்" என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த மனுசனுக்குத்தான் தலை இழுக்கும்போதும் அந்தப் பகிடி வரும்.

ஒரு கலியாண மண்டபத்தில், புரோசார்ட்டில் இருக்கிற பெரியம்மா மாட்டிக்கொண்டதையும் மறக்க முடியாது. பிள்ளையின் தலை அன்று விரித்துவிட்டபடி, முழுநிலாப் போல வட்டமாக நின்றது. பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி இது, பரட்டையாய்? மருந்து போட்டு ஒருக்கால் நேராக்கி விடன்" என்றா. நீங்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவேயில்லை. "அது நேராய்த்தான் பெரியம்மா நிக்குது. உங்கட தலைதான் படுத்துக் கிடக்குது." பிள்ளை அன்று மண்டபம் முழுக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

அப்படிப்பட்ட பிள்ளைதான், அண்ணை, நீங்கள் வேலைத்தலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிறகு, தொப்பி வைத்த சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு என் வீட்டில் ஒரு மூலையில் இருந்தாள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பின்னிவிட்ட சின்னச் சின்னப் பின்னல்கள் அந்தத் தொப்பிக்குள் இருந்தன.

முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி அன்று தொடங்கியது வில்லங்கம். சாவுத் துடக்குக் கழிய எல்லோரும் முழுக வேண்டும் என்று ஐயர் சொன்னார். நான் துவாயோடு போய், "வா பிள்ளை, அப்பாவுக்குத் தலை முழுகோணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டாள். வெளியே வந்தபோது உடம்பு நனைந்திருந்தது, தலை காய்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒருவரையும் தலையில் கை வைக்க விடவில்லை. குளிக்கும்போது பிளாஸ்ரிக் உறை. படுக்கும்போதும் தொப்பி. பென்சிலை உள்ளே விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருப்பாள். நான் கண்டால் நிறுத்திவிடுவாள்.

குளிர்காலம் முழுவதும் அந்த இரண்டு அறை வீட்டுக்குள் நாங்கள் இருவரும் ஒருவரில் ஒருவர் முட்டிக்கொண்டு கிடந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி எடுத்து, வகுப்பில் பிள்ளை தொப்பியைக் கழற்றுவதில்லை என்றார்கள். பெரியம்மா எடுத்து, "மொட்டை அடிச்சு விடு, பேந்து நல்ல முடியாய் வளரும்" என்றா. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகப் பயந்து, பஸ் தரிப்பிடத்தில் ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். அடுத்ததில் ஏறத்தானே வேண்டும்? உங்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. பிள்ளையைத் தந்தீர்கள், பிள்ளையின் தலையைத் திறக்கிற வழியைத் தராமல் போய்விட்டீர்களே என்று வாய்விட்டே திட்டினேன்.

கடைசியில் அந்தச் சலோன்காரியிடம் நானே போனேன். எவ்வளவு காலமாகப் பின்னல் அவிழ்க்கவில்லை என்று கேட்டவள், பதிலைக் கேட்டதும் கையிலிருந்த வேலையை நிறுத்தினாள். உதிர்ந்த முடியெல்லாம் பின்னலுக்குள்ளேயே கிடந்து வேரோடு சிக்குப் பிடிக்கும், இன்னும் விட்டால் கத்தரிக்கோல்தான் என்று பிரெஞ்சில் சொன்னாள். தாயிடமிருந்து அவளுக்கு வந்த முடி. தகப்பன் வளர்த்தெடுத்த முடி. அதை வெட்டி எறிந்தால் அவளிடம் என்ன மிஞ்சும்? அவிழ்க்கச் சொன்னால் பிள்ளை விடமாட்டாள், அப்படியே விட்டால் முடி நிற்காது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் போத்தலையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். "இண்டைக்கு நீ முழுகத்தான் வேணும். விளையாட்டில்லை" என்றேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினாள்.

"மாட்டன்! நான் அப்பாவைத் தலை முழுக மாட்டன்!"

போத்தலைக் கீழே வைத்தேன். "என்ன சொன்னனி?"

"தாத்தா அப்பாவைத் தலை முழுகினவர். அப்பாதான் சொன்னவர். அம்மாவைக் கட்டினதுக்கு. பேந்து தாத்தா அப்பாவோட கதைக்கவே இல்லை. முழுகினா ஃபினி, முடிஞ்சுது. அவர் எங்கட ஆள் இல்லை எண்டு அர்த்தம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்கள் எல்லாரும் முழுகிட்டியள். நான் மாட்டன்."

அண்ணை, நீங்கள் பகிடியாகச் சொல்லித் திரிந்த கதை. ஹெயிட்டிக்காரியைக் கட்டப் போகிறேன் என்று எழுதியதும் ஊரில் எங்கள் ஐயா உங்களைத் தலை முழுகிய கதை. அதை அவள் சொல்லுக்குச் சொல் பிடித்து வைத்திருந்தாள். பெற்ற தகப்பனைக் கைவிடச் சொல்லித்தான் நான் துவாயோடு வந்து நின்றேன் என்று அத்தனை மாதம் நினைத்துக்கொண்டு, என் கையால் சோறும் வாங்கித் தின்றிருக்கிறாள். நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

"ரெண்டும் ஒரே சொல்லுத்தான் பிள்ளை, அர்த்தம் வேறை."

"ஏன் ஒரே சொல்லை வைச்சிருக்கிறியள்?"

முழுகாமல் இருக்கிறாள் என்றால் பிள்ளைத்தாய்ச்சி, முழுகிவிட்டான் என்றால் உறவு அறுந்தது, முழுகிவிட்டு வா என்றால் சாமி கும்பிடலாம். "ஞாயிற்றுக்கிழமையிலை அப்பா என்னெண்டு கூப்பிடுவார்?" என்று கேட்டேன்.

"வா, தோய்வம் எண்டு."

"அப்ப நாங்கள் தோய்வம்." ஊரில் அதுவும் தலைக்குக் குளிப்பதுதான், ஆனால் அந்தச் சொல்லால் ஒருவரும் ஒருவரையும் கைவிட்டதில்லை.

கிட்ட வந்தாள். தொப்பியைத் தானே பின்னால் தள்ளினாள். ஆனால் பின்னல்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "அவிட்டா அப்பா செய்தது போயிடுமெல்லோ, மாமி."

இல்லை என்று பொய் சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, "ஓம், போயிடும். எனக்கும் விருப்பமில்லை" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவளும் அழுதாள். பிறகுதான் கையை எடுத்தாள்.

முழங்கால்களுக்கு நடுவே அவளை இருத்தி, வேரைப் பார்த்தேன். நீங்கள் பின்னத் தொடங்கிய இடத்துக்கும் தலைக்கும் நடுவே, நீங்கள் காணாத முடி விரல்கடை அளவுக்கு வளர்ந்திருந்தது. பசை போல அழுக்கும் உதிரியும் அங்கே திரண்டு கிடந்தன. எண்ணெய் விட்டு விட்டு ஊசி முனையால் பிரிப்பதுபோலப் பிரித்தேன். கால் விறைத்தது, எழும்ப முடியவில்லை. கை நிறைய முடி வந்தது. ஐயோ கொட்டுகிறதே என்று நான் பதற, "அது முந்தியே விழுந்த முடி மாமி, பயப்பிடாதேங்கோ" என்றாள். நீங்கள் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்.

எல்லாம் அவிழ்ந்தபோது உங்கள் பின்னல் முடிக்குள் இன்னும் இருந்தது. ஒவ்வொரு கற்றையிலும் மேலும் கீழுமாக நெளிந்து நெளிந்து, உங்கள் விரல் போன வழி அப்படியே. பிள்ளை கண்ணாடியில் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு போத்தலை எடுத்து என் கையில் வைத்து, "இப்ப தெளியுங்கோ" என்றாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் உங்கள் நெளிவு கரைந்து, அவளுடைய சுருள் ஒவ்வொன்றாகத் தலையோடு துள்ளி ஏறியது. இரண்டாம் தரமும் உங்களை அனுப்பி வைப்பது போல இருந்தது, அண்ணை. அந்தத் தண்ணீரைத் தெளித்தது என் கை.

முடி தப்பியது. பின்பக்கத்தில் ஒரு கொத்து மட்டும் போனது. நான் எடுக்கிற வகிடு இன்னும் கோணல்தான், அவள் முகம் சுளித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வருவதில்லை. ஆனால் முழுகு என்ற அந்தச் சொல் அதற்குப் பிறகு என் வாயில் வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை, கோயிலுக்குப் போகிற நாளிலும் வரவில்லை. எத்தனை பேர் எத்தனை சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

உங்கள் ஆண்டுத் திவசத்தன்று விடிய பெரியம்மா தொலைபேசி எடுத்தா. ஐயர் வெளிக்கிட்டுவிட்டாராம். "ரெண்டு பேரும் முழுகியாச்சோ?" என்று கேட்டா. பிள்ளை ஈரத்தலையோடு எனக்கு முன்னால் நின்றாள்.

"இல்லை பெரியம்மா," என்றேன். "நாங்கள் முழுகேல்லை. தோய்ஞ்சிட்டு நிக்கிறம்."

"எல்லாம் ஒண்டுதானேடி?"

"எங்கட வீட்டிலை இல்லை."