ஜேலன் பெயரை விட்டுவிடாதே

பேர்லேண்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இனியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அந்த நியூஜெர்சிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா என்பதுதான் என் கவலை. பருப்புப் பொடியோடு இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன். போனில் சொன்னால் பிள்ளைகளுக்குக் கிளாஸ் எடுக்கணும்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய்.

கண்ணு, எனக்கு நாலைந்து நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலில் போய் நிற்கிறேன், அது பொங்கி வழிகிறது, அப்பா திட்டுகிறார். எதிர்வீட்டு டெனிஸ் ஆன்ட்டியின் மகள் கெய்லா, நீ ஸ்கூல் பஸ் ஏறும்போது பின்னாலேயே ஓடி வருவாளே, அவள் காலேஜை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்துவிட்டாள். ஹைஸ்கூலில் எல்லாவற்றிலும் ஏ வாங்கியவள். மனசு கேட்காமல் இட்லி எடுத்துக்கொண்டு போனேன். கால்குலஸில் சி வந்ததாம், வாழ்க்கையிலேயே முதல் சி அதுதானாம், தனக்கு எஞ்சினியரிங் வராது என்று முடிவு கட்டிவிட்டாளாம். ஸ்கூலிலேயே ஏபி கணக்கு எடுத்திருக்கலாமே, அது காலேஜ் பாடம்தானே என்றேன். கேட்டாளாம். நல்ல மார்க் வருகிறது, எதற்கு வீணாகக் கஷ்டப்படுகிறாய் என்று, எந்தப் பாடம் எடுக்கலாம் என்று வழிசொல்லும் ஸ்கூல் கவுன்சிலர் அன்பாகச் சொல்லிவிட்டாராம். கூடப் படித்த மற்ற கருப்பினப் பிள்ளைகள் பலருக்கும் அதே அன்புதானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உனக்கும் அதே ஸ்கூலில், பி வாங்குகிற பையனுக்கு ஏபி எதற்கு என்றார்களே. இங்கே நம்ம மீனாட்சி கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது ஒரு ஆன்ட்டி, பெற்றவர்கள் போய்க் கேட்டால் ஏபியில் போடுவார்கள் என்றார். மறுநாளே அப்பா லீவு போட்டு ஸ்கூல் ஆபீஸில் போய் உட்கார்ந்து உன்னைச் சேர்த்துவிட்டார். டெனிஸ் அந்தத் தோசை வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்களும் அதனால் உன் ஜிபிஏ, அந்த மொத்த மார்க் சராசரி, ஏறும் என்றுதான் நினைத்தோம். நீயோ முதல் பரீட்சையில் சி வாங்கி, பாத்ரூமைச் சாத்திக்கொண்டு அழுதாய். ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன், மறுநாள் முறைத்துக்கொண்டே மிஸ்ஸிடம் சந்தேகம் கேட்கப் போனாய். அப்புறம் காலேஜ் பிசிக்ஸில் சறுக்கியபோது நீ பெட்டி கட்டவில்லை. இதைச் சொன்னால் கெய்லா நம்பவில்லை, இனியனாவது சி வாங்குவதாவது என்கிறாள். நீயே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்.

போன வாரம் நீ சொன்னதுதான் என்னைக் குடைகிறது. நீ பாடம் எடுக்கிற கிளாஸில் ஜேலன் என்ற கருப்பினப் பையன் பி வாங்குகிறான், பாவம், அடுத்த வருட ஏபிக்கு அவன் பெயரைக் கொடுக்கப் போவதில்லை என்றாயே. அந்தப் பாவம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ கெட்டவன் இல்லை சாமி, அந்தக் கவுன்சிலரும் கெட்டவர் இல்லை. பெயரைக் கொடு. கொடுத்துவிட்டுக் கை கழுவாமல், ஸ்கூல் விட்டதும் அவனைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடு. அவன் அம்மா வந்து கேட்கட்டும் என்று இருக்காதே, நீயே கூப்பிட்டுப் பேசு.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மீனாட்சி உன்னை நல்லபடி வைத்திருப்பாள். மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்றாய், மறந்துவிடாதே. என்றைக்காவது ஜேலனுக்கும் ஒரு சி வரத்தான் போகிறது. அது அவன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே வரட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா கலாவதி