கைநாட்டு வைத்த காகிதம்

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஆனால் இது முழுக்க உன் அப்பாவின் கை. யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

"வீட்டுல இருக்கிற ஏதாவது காகிதத்தைப் படிச்சுப் பாருங்க பெரியவரே" என்றார் நான் போகும் முதியோர் கல்வி வகுப்பு டீச்சர். உன் வழக்கின் தீர்ப்பை எடுத்தேன். உன் கையை உடைத்த உன் புருஷனுக்கு ஏன் வெறும் மூன்று மாதம் என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்தோமே, பதில் நான்காம் பக்கத்தில் இருந்தது. பெண்ணின் தந்தை மன்னித்து மனு கொடுத்திருக்கிறாராம். எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன்.

வழக்கு நடந்தபோது ஒருநாள் அவன் அண்ணன் வந்து, "பாப்பாவோட நகையை உங்ககிட்ட திருப்பித் தரணும் மாமா, அதுக்கு இங்க வைங்க" என்று கைநாட்டு வாங்கிப் போன காகிதம்தான் அது. உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடனே அரசு வக்கீலம்மாவிடம் ஓடினேன். தண்டனையைக் கூட்டக் கேட்டு மேல்முறையீடு செய்ய ஒன்பது நாள்தான் மீதி இருந்தது.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"முன்னாடி எனக்குப் படிக்கத் தெரியாதேம்மா."

அவர் மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். 'நான் மன்னிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேல்முறையீட்டோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கோர்ட் அதை எடுத்துக்கொள்ளுமா என்று திங்கட்கிழமை தெரியும்.

உனக்குக் கோபம் வந்தால் திட்டி எழுது கண்ணு. நானே படித்துக்கொள்வேன். நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன்.

உன் அப்பா